ராக்காயியின் குரல்

ராக்காயி கூப்பிட்டால் மற்ற வௌவால்கள் வந்து சேரும் என்பது சுருளியம்மாவுக்கு இருபது வருடமாகத் தெரியும். வௌவால்களை ஆராய வந்த டாக்டர் ஜெபக்கனிக்கு எட்டு வருடமாகத்தான் தெரியும். ஆனால் படித்தவர்கள் வேகமானவர்கள். அந்த எட்டு வருடத்துக்குள் அவள் ராக்காயியின் தொண்டையைச் சோப்பு டப்பா அளவுள்ள ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டாள்.

பெட்டியைச் சுருளியம்மாவின் அடுப்படியில் வைத்துத்தான் முதன்முதலாக முடுக்கிக் காட்டினாள். கீச்சென்று தொடங்கி, நடுவில் கரகரத்து, முடிவில் மேலே ஏறி நிற்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சுருளியம்மா கரண்டியைப் போட்டுவிட்டு முகட்டைப் பார்த்தாள். முகட்டில் ஒட்டடைதான் இருந்தது.

"டேப்புல பிடிச்சதா இது?"

"இல்லக்கா. டேப்புன்னா அவ போட்ட சத்தத்தைத்தான் திருப்பிப் போடும். இது அவ சொல்லாததையும் அவ குரல்ல சொல்லும். 'இங்க வேண்டாம், அங்க வாங்க'ன்னு நான் எழுதிக் குடுத்தா அதை ராக்காயி சொல்ற மாதிரியே சொல்லும்."

"சொல்லாததைச் சொன்னா அதுக்குப் பேரு பொய்யில்ல?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு நீங்கதான சொல்லுவிய."

"அது கல்யாணத்துக்கு. இருநூத்திப் பன்னெண்டு உசுருக்கு எவ சொன்னா?" என்றாள் சுருளியம்மா. சொன்னாலும் சிரித்துவிட்டாள். ஜெபக்கனி கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை. தட்டில் இன்னும் ஒரு கரண்டி களி வைத்தாள்.

பனிச்சமெட்டு ஏலத்தோட்டம் மூடிப் பதினைந்து வருடமாகிறது. முதலாளி போனார், கங்காணி போனார், வாரம் ஒருமுறை வந்த ஜீப்பும் நின்றது. போக்கிடம் இல்லாத முப்பத்தொரு குடும்பங்கள் மட்டும் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய பழைய லயன் வீடுகளில் தங்கிவிட்டன. லயனுக்கு மேலே, ஈட்டிமரச் சரிவைத் தாண்டினால் ஒரு குகை. அந்தக் குகையில்தான் புகைவௌவால்கள் இருந்தன. அடுப்புப் புகை நிறம், நாய்க்குட்டி முகம், வருடத்துக்கு ஒரே ஒரு குட்டி. இத்திப் பழத்தையும் நாவல் பழத்தையும் தின்று மலை முழுக்க விதை போடும். உலகத்தில் வேறெங்கும் அந்த இனம் இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னது ஜெபக்கனி. அது தெரியாமலேயே அவற்றைக் காத்து வந்தது சுருளியம்மா. ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி நல்லது என்று வலையோடு ஏறி வருகிறவர்களைக் கல்லால் அடித்து விரட்டுவாள். ஜெபக்கனி வந்த பிறகு ஓர் அறக்கட்டளை அவளுக்குக் காக்கிச் சட்டையும் 'குகைக் காவலர்' என்ற பட்டமும் கொடுத்தது. கேரளாவுக்கு வேலைக்குப் போன புருசன் திரும்பவில்லை, பிள்ளைகுட்டியும் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சொந்தம் இருக்கும்போது எனக்கென்ன குறை என்று கேட்பாள்.

அந்தக் கூட்டத்துக்கு மூத்தவள் ராக்காயி. இடது காது கிழிந்தவள். விடியும் நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் வந்து குகை வாசலில் தொங்கிக்கொண்டு கூப்பிடுவாள். பனியில் திசை தவறிய இளசுகள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்து சேரும். குகை இருட்டு. அங்கே யார் யார் என்பது குரலால்தான் தெரியும். எந்தக் கூப்பாடு கோபம், எது குட்டியைத் தேடுவது, எது வா என்பது என்று சுருளியம்மாதான் ஜெபக்கனிக்குப் பிரித்துச் சொன்னாள். எட்டு வருடமாகப் பதிவுக் கருவியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் குகை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ராக்காயி கத்துவாள், சுருளியம்மா விளக்கம் சொல்லுவாள், கருவி இரண்டையும் வாங்கிக்கொள்ளும்.

"குகையில பூஞ்சை வந்திருக்குக்கா," என்றாள் ஜெபக்கனி அன்றைக்கு. "பாறையில வெள்ளையா பாத்திங்கள்லா, அதுதான். மூக்குல ஏறுச்சுன்னா கூட்டமே போயிரும். குகையை மருந்தடிச்சுச் சுத்தம் பண்ணணும். மூணே வாரம். அதுவரைக்கும் கீழ்ச்சரிவுச் சுரங்கத்துல வச்சுக்கிடுவோம். சூடு, ஈரம் எல்லாம் சரி பண்ணி வச்சிருக்கேன்."

"மூணு வாரத்துல திரும்பக் கூட்டிட்டு வந்துருவல்ல, கனி?"

"உங்க தலைமேல சத்தியமாக்கா."

ஜெபக்கனி கையைக் கொண்டுவந்து தலைமேலேயே வைத்தாள்.

புரட்டாசி மாதம் ஒரு புதன்கிழமை அந்தி மயங்கும்போது பெட்டியைச் சின்ன ட்ரோனில் கட்டிப் பறக்கவிட்டார்கள். வாசலுக்கு எதிரே நின்று அது ராக்காயியின் குரலில் கூப்பிட்டது. முதலில் நாலைந்து வந்தன. பிறகு மடை திறந்த மாதிரி எல்லாம் வந்தன, வயிற்றில் குட்டியைக் கவ்வவிட்டுக்கொண்டு தாய்களும் வந்தன. சுருளியம்மா எண்ணிக்கொண்டே நின்றாள். இருநூற்றுப் பதினொன்று. கூட்டம் இத்திமரங்களைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்ட பிறகு, வாசலில் ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கிழிந்த காது. தன் குரல் தனக்கு வெளியே போவதைக் கேட்டபடி, தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தது. யாரும் திரும்பவில்லை. கடைசியில் அதுவும் கூட்டத்தின் பின்னாலேயே பறந்துபோனது.

சுருளியம்மா ஜெபக்கனி பக்கம் திரும்பினாள். "அவளுக்குப் புரியலத்தா," என்றாள்.

"பழகிரும்க்கா," என்றாள் ஜெபக்கனி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த புதன்கிழமை, காட்டுயிர்களைக் கணக்கெடுக்கும் எண்ணிக்கை வாரியத்திலிருந்து காசிமாயன் என்பவன் வந்தான். முப்பது வயதிருக்கும். மலையேறி வந்த மூச்சு வாங்க, காது மாதிரி ஒரு கருவியைக் குகை வாசலில் நட்டுவைத்தான். உள்ளே விளக்கடித்துப் பார்ப்பது தடை. வெளிச்சத்துக்கு மிரண்டு தாய்கள் குட்டிகளைக் கீழே போட்டுவிடுகின்றன என்று எழுதிப் போட்டு அந்தத் தடையை வாங்கியதே ஜெபக்கனியும் சுருளியம்மாவும்தான். அதனால் எண்ணுவது காதால் மட்டும். உள்ளே எத்தனை வெவ்வேறு குரல் கேட்கிறதோ அத்தனை உயிர். கருவி பூஜ்யம் காட்டியது. கையெழுத்து கேட்டான்.

"மருந்தடிக்கப் போறதுக்கு இது எதுக்கு?" என்று சுருளியம்மா கேட்டாள்.

"காலியா இருக்குன்னு எழுதுனாத்தான மருந்தடிக்க விடுவாங்கக்கா," என்று ஜெபக்கனி சொன்னாள். காசிமாயன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். சுருளியம்மா கையெழுத்துப் போட்டாள். அதற்கடுத்த புதன்கிழமையும் போட்டாள்.

இடையில் தினமும் சுரங்கத்துக்கு நடந்தாள். போக வர ஆறு மைல். சுரங்கம் எப்போதோ தண்ணீர் கொண்டுபோகத் தோண்டிக் கைவிட்டது. பக்கத்தில் இத்தியும் இல்லை, நாவலும் இல்லை. வௌவால்கள் அந்தியில் பழைய மரங்களைத் தேடிக் கிளம்பும். அங்கே போனவை அப்படியே பழைய குகைக்குள் போய்விடக்கூடாதே என்று பாதி வழியிலேயே பெட்டி கூப்பிட்டுத் திருப்பிவிடும். அரைவயிறாகத் திரும்பி வரும். இரண்டாவது வாரத்தில் நாலு குட்டிகள் கீழே செத்துக் கிடந்தன. சுருளியம்மா தோட்டத்துக் கொய்யாவையும் வாழையையும் கூடையில் சுமந்து கொண்டுபோய்க் கட்டித் தொங்கவிட்டாள். இன்னும் ஒரு வாரம்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பனிச்சமெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி பிறந்தால் பனி மூடிக்கொள்ளும். நீட்டிய கை தெரியாது. வளைவுகளில் காட்டுமாடு நிற்கும், மோதிவிட்டால் எலும்பு மிஞ்சாது. ஆகவே பனி நாட்களில் யாரும் வீடு வீடாகப் போவதில்லை. சொல்ல வேண்டியது இருப்பவர் லயன் வளைவிலிருக்கும் மேட்டுக்கல்லில் ஏறி, இன்னார் பேசுகிறேன் என்று பெயரைச் சொல்லி விஷயத்தைச் சொல்வார். வீடுகளுக்குள்ளிருந்து 'கேட்டுச்சு' என்று ஒவ்வொன்றாகப் பதில் வரும். கதவைத் திறந்து யாரென்று எட்டிப் பார்ப்பது பெரிய அவமரியாதை. உன் குரலை நான் நம்பவில்லை என்று முகத்தில் அடித்தது போலாகும். அப்படிப் பார்த்த ஒருவனுக்கு ஒரு மாதம் யாரும் நெருப்பு கொடுக்கவில்லை. கல்யாணம் பேசி முடித்தது, சாவு சொன்னது, பாகப் பிரிவினை தீர்த்தது எல்லாம் அந்தக் கல்லில் நின்றுதான். காகிதம் படிக்கத் தெரிந்தவர்கள் லயனில் மூன்று பேர். குரல்தான் அவர்களுக்குப் பத்திரம்.

மூன்றாவது எண்ணிக்கைக்கு மூன்று நாள் இருந்தது. அன்று காலை பக்கத்து வீட்டுத் தவமணி முறத்தோடு வந்து நடையில் உட்கார்ந்தாள். அவள் முகம் சரியில்லை.

"ஏத்தா சுருளி, நீ சொன்னேன்னு சம்மதம் சொல்லிட்டோம். ஆனா மனசு கேக்கல. கீழ எங்கயோ தகரக் கொட்டாய்ல கொண்டுபோய் விடுவாகளாமே?"

"எதுக்குச் சம்மதம்?"

"என்னா இப்பிடிக் கேக்குற? நேத்துப் பனியில மேட்டுக்கல்லுல நின்னு நீதான சொன்ன. 'நான் சுருளி பேசுறேன், குகையில வௌவாலே இல்ல, இனிமே இங்க இருந்து பிரயோசனமில்ல, கம்பெனிக்காரக வர்றாக, ரெக்கார்டரு நீட்டுனா சம்மதம்னு சொல்லிருங்க'ன்னு. முப்பது வீடும் கேட்டுச்சுன்னு சொன்னோம். அப்புறம் அவுக வந்தாக. சொல்லிட்டோம்."

"நேத்து நான் லயன்லயே இல்லையேத்தா. கொய்யாக் கூடையோட சுரங்கத்துல இருந்தேன்."

தவமணி அவளையே பார்த்தாள். "உன் குரல்தேன். இருமல்கூட உன் இருமல்தேன்."

சுருளியம்மாவுக்கு முதலில் வந்தது கோபமில்லை. பயம். தான் இல்லாத இடத்தில் தன் வாய் பேசியிருக்கிறது. பிறகு எட்டு வருடப் பதிவு ஞாபகம் வந்தது. ராக்காயி கத்துவாள், சுருளியம்மா விளக்கம் சொல்லுவாள், கருவி இரண்டையும் வாங்கிக்கொள்ளும். தவமணியை நடையிலேயே விட்டுவிட்டு, ஜெபக்கனி தங்கியிருந்த ஆய்வு நிலையத்துக்கு நடந்தாள். எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஜெபக்கனி தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். சுருளியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள்.

"பூஞ்சை எங்க கனி?"

ஜெபக்கனி தேநீர்ப் பாத்திரத்தை மூடிவைத்தாள். "இல்லக்கா. அது சுண்ணாம்புக் கசிவு."

"அப்ப எதுக்கு?"

"கம்பெனிக்காரங்க மலைக்குள்ள புதுசா சுரங்கம் போட்டுத் தண்ணி ஏத்தி இறக்கிக் கரண்டு எடுக்கப் போறாங்க. குகை இருக்குற இடத்துலதான் வாய். வௌவால் இருந்தா தொடக்கூடாதுன்னு சட்டம். தொடர்ந்து மூணு எண்ணிக்கையில பூஜ்யம்னு வந்தா குகைக்கு இருக்குற சட்டக் காவல் போயிரும். அறக்கட்டளைக்குப் பணம் குடுக்கிறதே அவங்கதான்க்கா. உங்க சம்பளம், என் சம்பளம், இந்தக் கட்டடம்." ஜெபக்கனி நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் அஞ்சு வருசம் சண்டை போட்டேன். ஜெயிக்க முடியாது. மலை போறது போறதுதான், வௌவாலையாவது உயிரோட எடுத்துருவோம்னு நினைச்சேன். தப்பா?"

"நாலு குட்டி செத்துச்சு."

"தெரியும்."

"என் குரலு?"

"அது நான் செய்யல. பதிவெல்லாம் அவங்க சொத்து, கேட்டாங்க, குடுத்தேன். எதுக்குன்னு கேட்கல." பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள், "கேட்டிருக்கணும்."

"உனக்கு முறைக்காய்ச்சல் வந்தப்ப நாலு பேரு டோலி கட்டிப் பதினோரு மைல் தூக்கிட்டு இறங்குனோம். முன்னால பிடிச்சவ நான். தோள்பட்டையில இன்னும் காய்ப்பு இருக்கு. பாக்குறியா?"

ஜெபக்கனி பார்க்கவில்லை.

"மனுசரை ஏமாத்த இப்பிடி ஒரு சாமானை விட்டு வச்சிருக்காகளே, கேக்க நாதியில்லையா?"

"அதுக்குச் சட்டம் இருக்குக்கா. செயற்கையா ஒரு குரலைச் செஞ்சா குரல் பதிவேட்டுல ஏத்தியே ஆகணும். ஏத்திட்டா எந்தக் கருவியும் அந்தக் குரலை உயிர்னு எடுத்துக்கிடாது. போன்ல பேசி பாங்கை ஏமாத்த முடியாது, பெட்டியை வச்சு எண்ணிக்கை ஆளை ஏமாத்த முடியாது. ராக்காயி பெட்டியையும் ஏத்தியாச்சு. உங்களையும் ஏத்தியிருப்பாங்க. எல்லாம் முறைப்படிதான் செய்வாங்க." சொல்லி முடித்தபோது அவளுக்கே அது அசிங்கமாகப் பட்டிருக்க வேண்டும். "மனுசக் காதுக்குத்தான் அந்தக் கருவி கிடையாது."

சுருளியம்மாவுக்கு அந்தச் சட்டம் பாதிதான் விளங்கியது. விளங்கிய மட்டில் போதுமாக இருந்தது. "வர்ற புதங்கிழமை குகையில வௌவால் இருந்துச்சுன்னா?"

"இருந்தா எல்லாம் ரத்து. காவல் நிக்கும். உங்க லயனும் நிக்கும்." ஜெபக்கனி எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "எடுத்துட்டுப் போங்க. நான் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக்கிடுதேன். 'வீட்டுக்கு வாங்க'ன்னு ஒரு கூப்பாடு அதுல ஏத்தியிருக்கேன். பச்சைப் பொத்தான்."

சுருளியம்மா எடுத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. எட்டு வருடத்தில் முதல் முறையாக அந்த வீட்டில் தேநீர் குடிக்காமல் கிளம்பினாள்.

அன்று அந்தியில் சுரங்க வாயில் நின்று பச்சைப் பொத்தானை அழுத்தினாள். பொய்யை வைத்துத்தான் பொய்யைக் கழுவப் போகிறோம் என்பது தெரிந்தே அழுத்தினாள். ராக்காயியின் குரல், வீட்டுக்கு வாங்க, வீட்டுக்கு வாங்க என்று சுரங்கத்துக்குள் போனது. உள்ளே சலசலப்பு அடங்கியது. ஒன்றுகூட வரவில்லை. இன்னும் ஒரு முறை அழுத்தினாள். உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு பின்சுவருக்கு நகர்ந்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று வாரமாக இந்தக் குரல் அவற்றைப் பழமரத்திலிருந்து பட்டினிக்குத்தான் கூப்பிட்டிருக்கிறது. இந்தக் குரல் வந்தால் வயிறு காயும், குட்டி சாகும் என்று இத்தனை நாளில் படித்துக்கொண்டுவிட்டன. வௌவாலுக்கு என்ன அறிவு என்று நினைத்தவர்கள் முட்டாள்கள்.

பெட்டியை நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் குரல் கேட்டது. வாயிலுக்கு ஓரமாக, மற்றவற்றுக்கு எட்டாத தூரத்தில், ராக்காயி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். உடம்பு வற்றிப்போயிருந்தது. நிஜமாகவே கூப்பிட்டாள். கீச்சென்று தொடங்கி, கரகரத்து, ஏறி நின்றது. அதற்கும் கூட்டம் பின்னால்தான் நகர்ந்தது. ஒரு சின்னது, போன வருடம் பிறந்ததாக இருக்கும், அவள் பக்கம் வந்து, அவள் கூப்பிட்டதும் அலறி ஓடியது. சுருளியம்மா பெட்டியைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் நசுக்கினாள். நசுக்கி என்ன செய்ய? ராக்காயியின் தொண்டை நசுங்கவில்லையே, அது கெட்டுப்போன தொண்டையாகத்தான் இருந்தது. பாவி மகளே, பாவி மகளே என்று ஜெபக்கனியைத் திட்டி அழுதாள். திட்டியதில் பாதி தன்னைத்தான்.

மறுநாள் பனி. மேட்டுக்கல்லில் ஏறி, "நான் சுருளி பேசுறேன். முந்தாநாள் பேசுனது நானில்ல," என்று கத்தினாள். ஒரு வீட்டிலிருந்தும் கேட்டுச்சு என்று வரவில்லை. திரும்பத் திரும்பக் கத்தினாள். உள்ளே ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் தவமணி வீட்டுக் கதவு திறந்தது. அவள் வந்து சுருளியம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீதேன். ஆனா இனிமே எப்பிடித்தா? எந்தக் குரல்னு நம்புறது?" என்றாள். வழக்கம் முறிந்த இடத்தில் இருவரும் நின்றார்கள்.

புதன்கிழமை விடியலில் சுருளியம்மா குகைக்குப் போனாள். ஏதாவது நடக்காதா என்று நினைத்துத்தான் போனாள். எதை நினைத்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாசலுக்கு வந்தபோது தலைக்கு மேலே சிறகு அடித்தது. ராக்காயி. மூன்று மைல் தனியாகப் பறந்து, தானாக வீட்டுக்கு வந்திருந்தாள். கிழிந்த காதோடு, பழைய இடத்திலேயே, வாசலைத் தாண்டி உள் வளைவில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பகல் முழுக்கக் கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒன்று இருந்தாலும் பூஜ்யமில்லையே! சுருளியம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. வாசலிலேயே காவல் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் காசிமாயன் வந்தான். மேகம் கறுத்திருந்தது.

"வா தம்பி. இன்னைக்கு உள்ள ஆளு இருக்கு," என்றாள்.

"நல்லதுக்கா, இருந்தா சந்தோசம்," என்றான். மனதாரத்தான் சொன்னான். கருவியை நட்டான். உள்ளிருந்து ராக்காயி கூப்பிட்டது அவன் காதிலும் நன்றாக விழுந்தது. அரைமணி நேரம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ராக்காயி ஒன்பது முறை கூப்பிட்டாள். காசிமாயன் திரையைப் பார்த்து நெற்றியைத் தேய்த்தான்.

"பூஜ்யம்னு வருதுக்கா."

"காது கேக்குதுல்ல உனக்கு?"

"எனக்குக் கேக்குது. கருவிக்கும் கேக்குது. ஆனா இது பதிவேட்டுல இருக்குற குரல். 'செயற்கைக் குரல், எண்ணிக்கையில் சேராது'ன்னு வருது. யாரோ உள்ள பெட்டியைக் கொண்டுபோய் வச்சிருக்காகன்னு அதுக்கு அர்த்தம்."

"பெட்டியை நான் உடைச்சுட்டேன். அது ராக்காயி. நீ கொஞ்ச நேரம் இரு, வெளிய வரும், கண்ணால பாரு."

"கண்ணால பாத்தது கணக்குல வராதுக்கா. ஆளாளுக்குப் பாத்தேன் பாத்தேன்னு எழுதுறாகன்னுதான் கருவியே வந்துச்சு." அவன் குரல் தாழ்ந்தது. "ஒண்ணு செய்யலாம். காவலர் ஆட்சேபணைன்னு ஒரு வழி இருக்கு. நீங்க பேரைச் சொல்லி, உள்ள இன்ன உயிர் இருக்குன்னு கருவியிலயே சொல்லுங்க. அதைப் பதிஞ்சா நாலாவது எண்ணிக்கை வைக்கணும்."

சுருளியம்மா கருவிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் சுருளியம்மா பேசுறேன். பனிச்சமெட்டுக் குகைக் காவலர். உள்ள ராக்காயி இருக்கா. இது சத்தியம்," என்றாள்.

கருவி மெல்ல ஒரு முறை ஒலித்தது. காசிமாயன் திரையை வெகுநேரம் பார்த்தான்.

"என்னா சொல்லுது?"

"உங்களையும் எடுத்துக்கலக்கா," என்றான். ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. கருவியை அணைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தான், அதே பதில். "நாளைக்கு வாரியத்துக்கு நேர்ல வந்து எழுதிக் குடுங்க. மழை வருது, வாங்க இறங்குவோம்."

நாளைக்குக் காவல் இருக்காது என்பது இருவருக்கும் தெரியும். சுருளியம்மா அவனைப் பார்த்தாள். அவன் கெட்டவனில்லை. இந்த விவகாரத்தில் தன் முகத்துக்கு நேராக நின்று பொய் சொன்னவள் ஒருத்திதான், அவளும் தன் வீட்டுச் சோறு தின்றவள். மற்ற எல்லோரும் முறைப்படிதான் செய்தார்கள். அவள் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தாள். குனிந்து, விளக்கில்லாமல், சுவரைத் தடவியபடி உள்ளே நடந்தாள்.

"அக்கா, எங்க போறீங்க? வெளிய வாங்க," என்று காசிமாயன் பதறினான்.

"நீ போப்பா," என்று இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "நாங்க ரெண்டு பேரும் இங்கதேன் இருப்போம்னு அவுகள்ட்டச் சொல்லிரு."

தொடர்ந்து ராக்காயியின் கூப்பாடும் வந்தது. இரண்டு குரலும் வாசல்வரை தெளிவாகக் கேட்டன. காசிமாயன் கருவியைப் பார்த்தான். உயிர் எண்ணிக்கை: 0. செயற்கைக் குரல்: 2. அதற்குக் கீழே 'சரி' என்று ஒரு பொத்தான் மினுங்கிக்கொண்டிருந்தது. முதல் தூறல் திரையில் விழுந்தது. நனைந்தால் கருவி கெட்டுவிடும் என்று அவன் அவசரமாகப் பொத்தானை அழுத்திவிட்டுக் கீழே இறங்கினான்.